இறக்கத்தில்தான் குளிர் பிடிக்கும்

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சைக்கிளில் போனோம். ஏறும்போதே நல்ல மழை, சமாளித்துவிட்டேன். இறங்கும்போது கை மரத்துப்போய் பிரேக் பிடிக்க முடியவில்லை. ஒரு டீக்கடையில் நின்றுவிட்டேன். ஹெல்மெட் கொக்கியைக்கூட கடைக்கார அண்ணன்தான் கழற்றிவிட்டார். காய்கறி வண்டியில் ஏறி வந்து சேர்ந்தேன். மற்ற ஏழு பேரும் கீழே காத்திருந்தார்கள். “மழைக்கே பயந்துட்டியே” என்று இன்னமும் சொல்கிறார்கள். நவம்பரில் மறுபடி போகப்போகிறார்களாம். இது என் உடம்புக்கு ஒத்துவராதா?
- வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, கொக்கியைக் கழற்ற முடியாத விரலால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்க முடியாது. நீங்கள் நின்றதுதான் சரி. வண்டியில் வந்ததும் சரி.

உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஏறும்போது மிதிக்கிற மிதியில் உடம்பு சூடாகவே இருக்கும். மேலே போய்ச் சேரும்போது உள்ளே வியர்வை, வெளியே மழை. மேட்டுப்பாளையத்தைவிடக் கோத்தகிரி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். வெயில் நாளிலேயே எட்டொன்பது டிகிரி குறையும். இறக்கத்தில் மிதிக்கவும் வேலையில்லை, எதிர்க்காற்று வேறு. 1988 இத்தாலி சைக்கிள் பந்தயத்தில் கவியா கணவாயைப் பனிப்பொழிவில் முதலாவதாகக் கடந்த வான் டெர் வெல்டே அரைக்கை சட்டையோடு இறங்கப்போய், குளிர் தாங்காமல் வழியில் நின்று, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். தொழில்முறை வீரருக்கே அந்தக் கதி.

அடுத்த முறை ஒரு காய்ந்த பனியனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள். இறங்குமுன் அதை மாற்றி, நெஞ்சுக்கு மேல் செய்தித்தாளை மடித்து வைத்து, மழைக்கோட்டைப் போடுங்கள். கிளவுஸுக்கு மேலே பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸ் போட்டால் ஈரம் ஏறாது. உங்களுடையது சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால், மழையில் முதல் பிடியில் தண்ணீர்தான் வழியும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். வளைவுக்கு வெகு முன்னாலேயே பிடிக்கத் தொடங்குங்கள். நிற்கும் இடத்திலெல்லாம் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் சைக்கிளில் ஏறவே கூடாது.

எனக்கு வருத்தமெல்லாம் அந்த ஏழு பேர் மேல்தான். ஒருத்தி வரவில்லை என்று தெரிந்தும் ஒருவர்கூட மேலே திரும்பி வரவில்லையே! குளிர் ஏறியவருக்குத் தன் நிலை தெரியாது, “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றுதான் சொல்வார். அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து போக வேண்டும், நிறுத்துவதைப் பக்கத்தில் வருபவர் முடிவு செய்ய வேண்டும். பேச்சு குழறினாலோ, சூடு ஏறாமலே நடுக்கம் நின்றாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நவம்பர் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கச் சரிவில்தான் வந்து மோதும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கிளம்புமுன் அவர்களிடம், “நான் நின்றால் என்னோடு யார் நிற்பீர்கள்?” என்று கேளுங்கள். ஒருவராவது “நான்” என்றால் போய் வாருங்கள்.