டைபாய்டு ஊசியில் டெட்டனஸ் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். டைபாய்டு தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். மருந்துப் பெட்டியில் ‘டெட்டனஸ் டாக்ஸாய்டு’ என்று போட்டிருக்கிறது. டெட்டனஸும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி பென்டாவேலன்ட் 3 தவணையும் போட்டாயிற்று. மறுபடியும் டெட்டனஸா? அதிகமாகிவிடாதா?

பதில்: பெட்டியைப் படித்துப் பார்க்கும் பெற்றோர் குறைவு, நல்ல பழக்கம். இது டைபாய்டு ஊசிதான். டெட்டனஸ் புரதம் துணைக்கு வந்த ஆள், அவ்வளவுதான்.

டைபாய்டு கிருமியின் மேலுறை ‘விஐ’ என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. அதை மட்டும் ஊசியாகப் போட்டால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பு சரியாகக் கண்டுகொள்ளாது. நான் படித்த காலத்தில் இந்த ஊசி கேட்டு வந்தவர்களை, “ரெண்டு வயசு ஆகட்டும்” என்று திருப்பி அனுப்புவோம்.

காரணம் இதுதான். எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் பி செல்லுக்கு, டி செல் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல் உதவ வேண்டும். டி செல்லுக்கோ சர்க்கரை தெரியாது, புரதத் துணுக்குதான் தெரியும். சர்க்கரையை டெட்டனஸ் மாதிரி ஒரு புரதத்தோடு வேதிமுறையில் பிணைத்துவிட்டால், பி செல் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும்போது புரதமும் கூடவே உள்ளே போகும். அதன் துணுக்கை வெளியே காட்டியதும் டி செல் உதவிக்கு வருகிறது. சர்க்கரைக்கு எதிரான நினைவும் உண்டாகிறது. இரண்டையும் ஒரே குப்பியில் சும்மா கலந்து வைத்தால் இது நடக்காது. புரதம் ஒரு செல்லுக்கும் சர்க்கரை இன்னொன்றுக்கும் போய்விடும்.

1931லேயே நியூயார்க்கில் ஏவரி, கோபெல் என்ற இரு ஆய்வாளர்கள் நிமோனியா கிருமியின் சர்க்கரையை இப்படி ஒட்டி முயல்களில் காட்டிவிட்டார்கள். இந்த முறையில் குழந்தைகளுக்கான முதல் ஊசி, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரானது, வந்ததோ 1987இல்! அந்த ஹிப் மருந்து உங்கள் பையன் போட்டுக்கொண்ட பென்டாவேலன்ட்டிலும் இருக்கிறது. ஆக, இந்த வித்தை அவனுக்குப் புதிதல்ல.

6 மாதத்திலிருந்தே போடலாம், ஒரு தவணை. 9 மாத அம்மை ஊசியோடு அதே நாளில் வேறு இடத்தில் போட்டாலும் சரி. ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் வரலாம். முன்பு போட்ட ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், இதை டெட்டனஸ் தவணையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றரை வயதில் வரும், டெட்டனஸும் அடங்கிய டிபிடி பூஸ்டர் அப்படியே இருக்கிறது. கார்டில் வெறும் ‘டைபாய்டு’ என்று எழுதாமல் ‘டைபாய்டு கான்ஜுகேட்’ (புரதத்தோடு பிணைத்த ஊசி) என்று எழுதி வாங்குங்கள். சர்க்கரை மட்டும் உள்ள பழைய வகை ஊசி என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டி வரும், பிறகு பார்ப்பவர் குழம்பிப்போவார்.