'தவறாகவும் இருக்கலாம்' என்று போட்டால் போதுமா?

கேள்வி: முழுமையாகத் தெரியாத விஷயங்களைப் பற்றியும் சமூக ஊடகத்தில் எழுதுகிறேன். 'நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்' என்று முன்னாலேயே போட்டுவிடுவேன். தெரியாவிட்டால் சும்மா இரு என்கிறார்கள் நண்பர்கள். அறிவடக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? (ஒரு மருந்தின் பக்கவிளைவு பற்றி நான் எழுதியது தவறு என்று ஒரு மருத்துவர் சுட்டிக்காட்டியதும், அந்தப் பதிவை உடனே நீக்கிவிட்டேன்.)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டால், சந்தேகமே வராதவர்களின் குரல்தான் மிஞ்சும். எழுதுங்கள்.

ஆனால் 'தவறாகவும் இருக்கலாம்' என்ற உங்கள் வரியை அடக்கம் என்று ஏற்க என்னால் முடியாது. எல்லாப் பதிவின் தலையிலும் அதே வரி இருந்தால், எதில் சந்தேகம், எவ்வளவு சந்தேகம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? யாராவது மறுத்தால் ஒதுங்கிக்கொள்வதற்கு முன்கூட்டியே பிடித்துவைத்த இடமாகத்தான் அது எனக்குப் படுகிறது.

சந்தேகத்தை எப்படிச் சொல்லலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக்குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோ என்ற மிகச் சிறிய துகள்கள், சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவுக்கு, ஒளி எடுக்கும் நேரத்தைவிட சுமார் 60 நானோ நொடி (ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாகவே வந்துவிட்டதாக அவர்களுடைய கணக்கு காட்டியது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டோடு மோதும் முடிவு. மாதக்கணக்கில் தவறைத் தேடியும் அவர்களுக்கு அகப்படவில்லை. எப்படி அளந்தோம், என்ன எண் வந்தது என்று முழுக் கணக்கையும் வெளியே வைத்து, மற்றவர்களையும் சோதிக்கச் சொன்னார்கள். 2012இல் முக்கியக் காரணம் தெரிந்தது: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி. அதையும் அவர்களே அறிவித்தார்கள். குழுவுக்குள் கசப்பு வந்தது, தலைமையில் இருந்தவர் விலகினார். ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். சந்தேகம் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் தேடிப் பார்க்க வழிவிட்டுத்தான் பேசினார்கள்.

நம் மொழியில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. வந்தார், வந்தாராம், வந்திருக்கலாம், வந்தாரோ. நாமே அறிந்தது, காதில் விழுந்தது, ஊகம், ஐயம் எல்லாவற்றையும் ஒரு விகுதியிலேயே காட்டிவிடலாம். சிக்கல் என்னவென்றால், பகிரப்படும்போது முதலில் உதிர்வது அந்த விகுதிதான். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, படங்களை ஒப்பிட்டு 'இவரோ?' என்று சிலர் இணையத்தில் கேட்டார்கள். கைமாறக் கைமாற அது 'இவர்தான்' ஆயிற்று. எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இளைஞரின் குடும்பத்துக்கு வசைகள் போய்ச் சேர்ந்தன. கேட்டவர்கள் கேள்விதான் கேட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதனால் என்ன ஆறுதல்? ஆகவே ஒருவரின் பெயருக்கோ உயிருக்கோ கேடு வரக்கூடிய இடத்தில், எத்தனை 'இருக்கலாம்' சேர்த்தாலும் உறுதியில்லாததை எழுதாதீர்கள். மற்றபடி, எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரசியலோ கிரிக்கெட்டோ, மாற்றுக் கருத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட செய்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அதுதான். நீக்கியதோடு உங்கள் சங்கடம் தீர்ந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர் ஒருவர் இருந்தால், பதிவு மறைந்தது அவருக்குத் தெரியாது. அவர் இன்னும் உங்களை நம்பிக்கொண்டிருப்பார். இன்றே ஒரு பதிவு போடுங்கள்: எந்த மருந்து, நான் என்ன எழுதினேன், அதில் எது தவறு, மருத்துவர் என்ன சொன்னார். பழைய பதிவைப் பகிர்ந்தவர்கள் யார் என்று நினைவிருந்தால் அவர்களுக்குத் தனியாகவும் அனுப்புங்கள்.