கடிகாரமா, கேபிளா?

கேள்வி: செர்ன் போன்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும் கருவிகள் எல்லாம் நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகாமல் ஒத்துப்போக வேண்டுமாமே. ஆளுக்கொரு அணுக் கடிகாரம் வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. செர்னின் துகள் மோதல் இயந்திரமான எல்.எச்.சி.யில் புரோட்டான் கொத்துகள் 25 நானோ நொடிக்கு ஒரு தரம் சந்திக்கின்றன. அதற்குள் ஒளியே ஏழரை மீட்டர்தான் போகும், மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் உணர்கருவியோ 46 மீட்டர் நீளம். ஆக, ஒரு மோதலில் தெறித்த துகள்கள் வெளியேறி முடிவதற்குள் அடுத்த மோதலும் அதற்கடுத்ததும் நடந்துவிடும். எந்தத் துகள் எந்த மோதலைச் சேர்ந்தது என்று பிரிக்க நேரக்குறிப்பு கறாராக இருந்தே ஆக வேண்டும்.

அணுக் கடிகாரங்களையும் தனித்தனியே விட்டால் மெல்ல மெல்ல விலகும். அவற்றை முதலில் ஒத்துவைப்பதற்கே ஒரு சிக்னல் போயாக வேண்டும், சிக்கல் அந்த வழியில்தான் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 5 நானோ நொடி ஆகும். இழை சூடானால் அதுவும் மாறும், கிலோமீட்டருக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 40 பிக்கோ நொடி (ஆயிரம் பிக்கோ நொடி ஒரு நானோ நொடி). 10 கிலோமீட்டர் கேபிள் 10 டிகிரி சூடானால் 4 நானோ நொடி போச்சு!

செர்னும் கூட்டாளிகளும் உருவாக்கிய ‘ஒயிட் ராபிட்’ என்னும் நேர ஒத்திசைவு முறை இதைத்தான் கையாள்கிறது. ஈதர்நெட் இணைப்பு வழியாகவே சிக்னலை அனுப்பி, திரும்ப வாங்கி, போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி, அந்தத் தாமதத்தை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் போகிற ஒளியும் வருகிற ஒளியும் வேறு வேறு அலைநீளம், இழைக்குள் அவற்றின் வேகமும் ஒன்றல்ல. அதனால் வெறும் பாதி சரிவராது, அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே அளந்து கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு நானோ நொடிக்கும் குறைவான பிசகில் கடிகாரங்கள் நிற்கும். இந்த முறை 2019இல் வலையமைப்புக் கடிகாரங்களை ஒத்துவைப்பதற்கான ஐஇஇஇ 1588 தரத்திலும் ஏறிவிட்டது.

கேள்வி: நியூட்ரினோ என்னும் நுண்துகள் ஒளியை முந்திவிட்டது என்று ஒரு முறை பரபரப்பானதே, அதுவும் கடிகாரக் கோளாறுதானா?

பதில்: முக்கியமாகக் கேபிள் கோளாறு. செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இருந்த ஓபரா என்ற நியூட்ரினோ ஆய்வுக் குழு, செர்னிலிருந்து அனுப்பப்பட்ட நியூட்ரினோக்கள் 60 நானோ நொடி முன்னதாகவே வந்துவிட்டதாக 2011 செப்டம்பரில் அறிவித்தது. ஜிபிஎஸ் நேரம் தரையிலிருந்து சுரங்கத்துக்கு 8 கிலோமீட்டர் இழை வழியாக வந்தது, அதன் ஒரு இணைப்பி முழுசாக முடுக்கப்படவில்லை. முடுக்காவிட்டால் சிக்னலே வராது என்றுதானே நினைப்போம்? வந்தது, வெளிச்சம் மட்டும் குறைந்தது. மங்கலான வெளிச்சத்தில் உணரியின் மின்னழுத்தம் மெதுவாக ஏறி, ‘வந்துவிட்டது’ என்று சொல்லும் அளவைத் தொடவே 70 நானோ நொடிக்கு மேல் தாமதமானது. கீழே இருந்த கடிகாரம் அத்தனை பின்தங்கிவிட்டதால் நியூட்ரினோ முந்தி வந்த மாதிரி தெரிந்தது. கடிகாரத் துடிப்பைத் தரும் ஒரு அலையியற்றியின் (ஆசிலேட்டர்) சிறு பிசகு எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுகட்டியது, மிச்சம்தான் அந்த 60.

அந்தக் குழுவைக் கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். சந்தேகம் இருந்தும் முடிவை எல்லோர் முன்னும் வைத்தார்கள், கோளாறைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்களே.

கேள்வி: நானோ நொடிக்கும் கீழே போகும் தேவை எங்காவது உண்டா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் எக்ஸ்எஃப்இஎல் எக்ஸ்ரே லேசரில் ஃபெம்டோ நொடிக் கணக்கு, அதாவது நானோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மின் சிக்னல் அங்கே ஈடுகொடுக்காது, லேசர் துடிப்புகளையே நேரமாக இழை வழியே அனுப்புகிறார்கள்.