இங்கிலாந்தில் பழைய காற்றாலையை விடுமுறை வீடாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்களே, பெரியவர்கள், சின்னப் பிள்ளைகளோடு போய் நாமே சமைத்துத் தங்க அது சரிப்படுமா?

மாமனாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வியில் மாமனார், மாமியார், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், நார்ஃபோக் கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் இப்படியொரு ஆலையில் நாங்கள் தங்கியிருக்கிறோம், என் அம்மாவும் கூட வந்திருந்தார். படத்தில் பார்த்தால் எல்லா ஆலையும் அழகுதான். உள்ளே புழங்குவது எப்படி என்பது படத்தில் தெரியாது, அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

நார்ஃபோக்கில் இப்படி வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் செங்கல்லில் கட்டிய கோபுர ஆலைகள். தானியம் விளைகிற சமவெளி, தடையில்லாத கடற்காற்று, மாவை ஏற்றி அனுப்பப் பக்கத்திலேயே சிறு துறைமுகங்கள். அதனால் ஊருக்கு ஊர் ஆலை இருந்தது. உள்ளே வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டின் சங்கடங்கள் தானாகப் புரிந்துவிடும். தானிய மூட்டையைக் காற்றின் பலத்தாலேயே சங்கிலி போட்டு இழுத்து, ஒவ்வொரு தளத்திலும் தரையில் வெட்டியிருக்கும் இரட்டைக் கதவு வழியாக உச்சிக்கு ஏற்றுவார்கள். அங்கே தொட்டியில் கொட்டினால் தானியம் அதற்கு அடுத்த கீழ்த்தளத்தில் இருக்கும் அரைகல்லுக்கு இறங்கும். அரைபட்ட மாவு அதற்கும் கீழே வந்து சாக்கில் விழும். மூட்டைக்குத் தனி வழி இருந்தது, ஆலைக்காரர் ஏறி இறங்க ஓர் ஏணி போதும். கட்டியவர்கள் உங்கள் மாமியாரை நினைத்துக் கட்டவில்லை.

ஆகவே தளத்துக்கு ஓர் அறை. மேலே போகப் போக கோபுரம் குறுகும், அறையும் சிறுக்கும். எங்கள் ஆலையில் தரைத்தளத்தில் சமையலறையும் சாப்பாட்டு மேசையும், அதற்கு மேல் அடுத்தடுத்துப் படுக்கையறைகள், உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஓர் அறை. நடுத்தளங்களுக்கு மரப்படி போட்டிருந்தார்கள், அதுவே செங்குத்து. கூம்புக்கு, அதாவது கோபுரத்தின் தலையில் இருக்கும் கூரைப் பகுதிக்கு, ஏறக் கடைசியில் இருந்தது நிஜமான ஏணி. இறங்கும்போது முகத்தைப் படிப்பக்கம் வைத்து, பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அம்மா இரண்டாம் தளத்தோடு நின்றுவிட்டார். அவர் போக வேண்டிய குளியலறை இருந்தது அதற்கு ஒரு தளம் கீழே. ராத்திரி எழும்போதெல்லாம் என்னை எழுப்பி, நான் முன்னால் இறங்க அவர் பின்னால் வருவார்.

இதைச் சரிசெய்து வைக்கக்கூடாதா என்று கேட்கலாம். இந்த ஆலைகளில் பல, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். முறையான அனுமதி இல்லாமல் படியையோ சன்னலையோ உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. லிஃப்ட்டையெல்லாம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

அதனால் விலையையும் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால், எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். கழிவறை எத்தனை, எங்கெங்கே? மூன்று வயதுப் பிள்ளை விழாமல் தடுக்கப் படிக்கட்டுக் கதவு உண்டா? பல இடங்களில் படியின் அகலமும் சரிவும் கடையில் விற்கிற கதவுக்குப் பொருந்தாது. ஆலையை ஒட்டிப் பழைய தானியக் கிடங்கோ ஒரு குடிலோ இருந்து, அதிலும் ஒரு படுக்கையறை இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பெரியவர்கள் தரையோடு தரையாக அங்கே இருப்பார்கள், பிள்ளைகள் கோபுரத்தில் ஏறி ஆடட்டும். வெறும் கோபுரம் மட்டும்தான் என்றால், உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன்.

சரி, சமையல். சமையலறை நன்றாகவே இருக்கும். அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், தட்டு, கரண்டி எல்லாம் வைத்திருப்பார்கள். இண்டக்‌ஷன் அடுப்பா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள், உங்கள் அலுமினியக் குக்கரும் தோசைக்கல்லும் பிரயோசனப்படுமா என்பது அதில்தான் இருக்கிறது. தாளிப்புதான் பெரிய விஷயம். தப்பிப் போக ஒரே படிக்கட்டு என்பதால் இந்த மாதிரி வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பார்கள். கீழே வரமிளகாய் கருகினால் எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் அலறும். கோபுரமே ஒரு புகைபோக்கி மாதிரி, வெந்நீர் ஆவியிலிருந்து சாம்பார் மணம் வரை எல்லாம் நேரே மேலே போய்ப் படுக்கையில் உட்காரும். சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, காலையிலேயே குழம்பை முடித்துவிடுவது உத்தமம். சூடும் அப்படித்தான், கீழே குளிரும்போது மேலே வேர்க்கும்.

பருப்பு, புளி, கறிவேப்பிலை, தோசை மாவு எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கடற்கரைக் கிராமங்களில் கடை சின்னது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு ஃபேக்கனம் என்ற ஊர்ப் பக்கம் போக வேண்டியிருக்கும், அங்கும் நம் சாமான் குறைவு. பெட்டி வேண்டாம், துணிப்பை கொண்டு போங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி அந்தப் படியில் திரும்பாது. சுவர் வட்டம் என்பதால் கட்டிலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சந்து இருக்கும், கண்ணாடி, கைபேசி, பிள்ளைகளின் காலுறை எல்லாம் அதில்தான் கிடைக்கும்.

ஈரத்தைப் பற்றி யாரும் விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். கோபுரத்தின் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், காற்றோடு அடிக்கிற மழை முழுசாக அதன்மேல் விழும். அந்தக் காலத்தில் வெளியே தார் பூசியது இதற்காகத்தான், கறுப்பு ஆலைகளை நிறையப் பார்ப்பீர்கள். எங்கள் அறை ஒன்றில் மழைக்குப் பிறகு ஈரவாடை வந்தது. உரிமையாளரிடம் சொன்னோம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். அது ராத்திரி முழுக்க உறுமியது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அங்கே தங்கியது பிடித்ததா என்றால் ரொம்பப் பிடித்தது. காற்று பலமாக அடிக்கும் இரவில் உச்சியில் உட்கார்ந்தால் மேலே இருக்கும் மர உத்தரங்கள் முனகுவது கேட்கும். இறக்கைகள் பெரும்பாலும் சுழலாதபடி கட்டப்பட்டிருக்கும், சில ஆலைகளில் இறக்கையே இருக்காது. கூம்பின் பின்பக்கம் சின்னச் சக்கரம் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காற்றின் திசை மாறினால் அந்தச் சக்கரம் சுழன்று, கூம்பை முழுதாகத் திருப்பி, இறக்கைகளைக் காற்றுக்கு நேரே கொண்டு வந்து நிறுத்தும், ஆள் வேண்டாம். எட்மண்ட் லீ என்பவர் 1745-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. இறக்கையில் துணிக்குப் பதிலாகப் பலகணி போலத் திறந்து மூடும் தகடுகளை வைத்து, ஆலை ஓடும்போதே சரிசெய்யும் முறையை 1807-இல் கொண்டு வந்தவர் வில்லியம் கியூபிட், அவர் நார்ஃபோக்காரர்தான். நீராவியும், கல்லுக்குப் பதில் உருளைகளால் அரைக்கும் ஆலைகளும் வந்த பிறகு இவ்வளவு சாமர்த்தியமும் வீணாய்ப் போனது. வெறுங்கூடுகள் மிஞ்சின.

வீடாக மாற்றுவது இன்றைய மோகம் என்று நினைக்க வேண்டாம். நார்ஃபோக் கடற்கரையில் கிளே என்ற ஊரின் ஆலையை 1921-லேயே விடுமுறை வீடாக்கிவிட்டார்கள், இப்போது விருந்தினர் இல்லமாக நடக்கிறது. நாணல் காட்டுக்கு நடுவே அது நிற்கும் காட்சிக்காகவே அந்த ஊருக்கு ஒரு நடை போகலாம், பக்கத்துச் சதுப்பு நிலம் பறவை பார்ப்பவர்களின் சொர்க்கம். தெற்கே சஃபோக்கில் தார்ப்னெஸ் என்ற ஊரில் இன்னொரு வேடிக்கை. தண்ணீர்த் தொட்டியை மறைக்க, கோபுரத்தின் தலையில் வீடு ஒன்று உட்கார்ந்திருப்பது போல 1923-இல் கட்டினார்கள். அதற்கு நீர் ஏற்றியது எதிரே நிற்கும் காற்றாலை. இப்போது அந்தத் தொட்டிக் கோபுரமும் விடுமுறை வீடுதான். படிகள் அறுபதுக்கு மேல், உங்களுக்கு அதுவும் ஆகாது.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது, தங்குவது சமதள வீட்டில், ஆலையைப் பார்ப்பது பகலில். நார்ஃபோக்கிலேயே கிரேட் பர்ச்சம் என்ற ஊரில் 1846-இல் கட்டிய ஆலை இறக்கையோடு நிற்கிறது, பிள்ளைகள் உச்சிவரை ஏறலாம், மாமனார் கீழே ரொட்டிக் கடையில் தேநீர் குடிக்கலாம். ஹார்சி என்ற கடற்கரை ஊரில் இருப்பது மாவு அரைத்ததல்ல, வயலில் தேங்கும் நீரை இறைத்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை போனால் அதே ஹார்சி கடற்கரையில் சாம்பல் சீல்கள் (கடல்நாய்கள்) குட்டி போட்டுக் கிடக்கும், மணல்மேட்டிலிருந்து பார்க்கலாம். அந்த மாதங்களில் வாடகையும் கோடையைவிடக் குறைவு. ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிடும், கிராமத்துச் சாலையில் விளக்கு கிடையாது. கார் இல்லாமல் போக வேண்டாம், டார்ச் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.