வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்கும் மதச் சுதந்திரத்துக்கும் என்ன தொடர்பு?

ஜெர்மன் நாடுகளைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரை 1648-ல் முடித்துவைத்த ஒப்பந்தங்களுக்குத்தான் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை என்று பெயர்.

சிக்கலின் வேர் 1555-ல் ஆக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் நகரில் செய்த சமரசத்தில் இருக்கிறது. கத்தோலிக்கமா, லூத்தரனியமா (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவு) என்பதை அந்தந்த அரசரே முடிவு செய்வார். பிடிக்காத குடிகள் ஊரைவிட்டுப் போகலாம். கால்வினியர்கள் (இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினர்) கணக்கிலேயே இல்லை. 'அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி' என்பது அங்கே சட்டமாகவே ஆகிவிட்டது!

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சைவம் என்றால் எல்லோரும் சைவம், இல்லையேல் காலி செய். அடுத்து வருபவர் அசைவம் என்றால் மறுபடி தலைகீழ். சண்டை வராமல் இருக்குமா? 1618-ல் பிராகா நகரில், ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமானியப் பேரரசரின் அதிகாரிகளைப் புராட்டஸ்டன்டுகள் ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள் (விழுந்த மூவரும் பிழைத்தது தனிக்கதை). அப்புறம் முப்பது வருஷம் ரத்தம்.

1648-ல் விதி மாறியது. 1624-ல் எந்த வீட்டில் எந்தச் சமையலோ, அதுவே தொடரலாம். வீட்டுக்காரர் மதம் மாறினாலும் குடித்தனக்காரரை வற்புறுத்த முடியாது. கால்வினியர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் சொந்த நிலங்களில் பெரும்பாலும் இது செல்லவில்லை. என் பார்வையில், இது பெருந்தன்மையால் வந்ததல்ல, யாராலும் ஜெயிக்க முடியாத களைப்பால் வந்தது.

முப்பதாண்டுப் போரை வெறும் கத்தோலிக்க–புராட்டஸ்டன்ட் சண்டை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் முதலமைச்சர் கர்தினால் ரிஷலியூ வழிநடத்திய கத்தோலிக்க பிரான்ஸ், புராட்டஸ்டன்ட் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்ததோடு நிற்காமல், 1635-ல் கத்தோலிக்க ஸ்பெயின் மீதே போர் அறிவித்தது.