பிளஸ் ஒன்லயே காலேஜ் பாடம், தாங்குமா?

கேள்வி: அக்கா, நான் வியாசர்பாடி. பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நியூஜெர்சில இருக்க எங்க சித்தி பையனுக்கும் என் வயசுதான், ஸ்கூல்லயே ஏபி கால்குலஸ்னு காலேஜ் கணக்கு படிக்கிறான், காலேஜ் போனா அந்த பேப்பரே எழுத வேணாமாம். இங்க ஐஐடி வாத்தியாருங்க ஆன்லைன்ல பாடம் நடத்துற என்பிடெல்ல நாமளும் அப்படி படிக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றா. சேந்தா எப்படி இருக்கும்? அம்மா 'இருக்குறதையே ஒழுங்கா படிக்கல, இதுல இது வேறயா'ன்றாங்க.

பதில்: மொதல்ல உன் சித்தி பையன் கதைய முடிச்சிடுறேன்மா. அவனுக்கு அது ஸ்கூல் டைம்டேபிள்லயே ஒரு கிளாஸ், வாத்தியார் தெனம் வருவாரு, மே மாசம் பரீட்சை, 1ல இருந்து 5 வரைக்கும் ஸ்கோர். பேப்பர் எழுத வேணாம்ன்றது அவன் சேரப்போற காலேஜ் கையில இருக்கு, சில காலேஜ்ல 3 வாங்குனா போதும், சில எடத்துல 5 கேப்பாங்க, சில எடத்துல எதுவுமே கெடையாது. அங்கயே டூயல் என்ரோல்மெண்ட்னு இன்னொன்னு இருக்கு, ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ்லயும் பேர் குடுத்து படிக்கிறது, அது நெஜமாவே காலேஜ் பாடம்தான், அதுல சொதப்புனா அந்த கிரேடு காலேஜ் மார்க் ரெக்கார்டுலயே ஒக்காந்துக்கும். சேரப்போற காலேஜ்ல எவ்ளோ ஸ்கோர் கேப்பாங்கன்னு மட்டும் அவன விசாரிச்சு வெச்சிக்க சொல்லு.

உன் விஷயம் வேற. என்பிடெல்ல யாரு வேணா சேரலாம், பாடம் ஃப்ரீ, பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாதான் 1,000 ரூபா. வாராவாரம் வர்ற அசைன்மெண்டுக்கு 25, கடைசியில சென்டருக்கு நேர்ல போயி எழுதுற பரீட்சைக்கு 75. அசைன்மெண்ட்ல 10, பரீட்சையில 30, ரெண்டுத்துலயும் தனித்தனியா தாண்டணும். ஆனா இன்ஜினியரிங் கட்-ஆஃப்ல இதனால அரை மார்க்கு கூட ஏறாது, 200க்கு கணக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மட்டும்தான். அதுக்காக சேர்றதா இருந்தா இப்பவே விட்ரு.

பாடம் கஷ்டம்னு பயப்படாத. கஷ்டம் வேற எடத்துல வரும். எங்க அக்கா பொண்ணு போன வருஷம் பிளஸ் ஒன்ல பைத்தான் கோர்ஸ் ஒன்னு எடுத்தா, மொத ரெண்டு வாரம் வீடியோவ வேகமா ஓடவுட்டு தலைய ஆட்டிகிட்டே பாத்தா, எல்லாம் புரியுது சித்தின்னா. மூணாவது வாரம் அசைன்மெண்ட்ல 10க்கு 4. பத்தாவதுல 480 எடுத்த பொண்ணு, ராத்திரி சோறு வேணாம்னுட்டா. என்னன்னு பாத்தா நோட்டுல ஒரு வரி கூட இல்ல! அப்புறம் ஒரு வீடியோவ நிறுத்தி நிறுத்தி, அவரு போடுற ப்ரோக்ராம இவ தனியா எழுதிப்பாத்து, ஓடலன்னா எங்க தப்புன்னு நோண்டி, அரை மணி நேர வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அதான் அசல் கணக்கு. ஸ்கூல்ல புக் பேக், ஒன் வேர்டு, இம்பார்டண்ட் கொஸ்டின்னு ஊட்டி வுட்ருவாங்க, இங்க கேக்குற கேள்வி புக்குல இருக்காது, நீ அசைன்மெண்ட் போடலன்னா ஏன் போடலன்னு கேக்கவும் ஆள் கெடையாது.

அடுத்தது தேதி. ஜனவரி பேட்ச் எடுத்தா உன் ஆண்டுப் பரீட்சையோட முட்டும். ஜூலை பேட்ச் பரவால்ல, ஆனா 12 வார கோர்ஸ்னா நடுவுல காலாண்டு பரீட்சை வந்து நிக்கும். 12 அசைன்மெண்ட்ல நல்ல மார்க்கு வந்த 8தான் எடுத்துக்குவாங்க, அதனால அந்த ரெண்டு வாரம் விட்டாலும் குடி முழுகிடாது. மொத தடவைன்னா 8 வார கோர்ஸா பாரு, அதுவும் ஒன்னே ஒன்னு. ரெண்டு மூணு சேத்து போட்டுட்டு எதையும் முடிக்காதவங்கள நெறைய பாத்துட்டேன் (நானே அப்படித்தான், அது இருக்கட்டும்). பிளஸ் டூல இத தொடாத.

வீட்ல நெட் இழுக்கல, தம்பி டிவி சத்தம்னா, கொளத்தூர்ல ஒக்காந்து படிக்கிறதுக்குன்னு 2024ல தொறந்தாங்களே முதல்வர் படைப்பகம், சனி ஞாயிறு அங்க போயி ஒக்காரு, உங்க ஏரியால இருந்து ரொம்ப தூரம் இல்ல.

டேட்டா சயின்ஸ்ல ஆசை இருந்தா ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டிகிரி இருக்கு. பிளஸ் ஒன் பரீட்சை எழுதினதும் அதோட குவாலிஃபையருக்கு, அதாவது அதுல சேர்றதுக்கான தகுதித் தேர்வுக்கு, அப்ளை பண்ணலாம். கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் திங்கிங், இங்கிலீஷ்னு நாலு பாடம், நாலு வாரம் படிச்சு அசைன்மெண்ட் முடிச்சா நேர்ல பரீட்சை. பாஸ் பண்ணாலும் சேர்றது பிளஸ் டூ முடிச்சப்புறம்தான்.

அம்மாகிட்ட இப்பவே சண்ட போடாத. காசு கட்டாம சேந்துட்டு மொத ரெண்டு வாரம் அசைன்மெண்ட் போட்டுப் பாரு, வந்த மார்க்க அவங்ககிட்ட காட்டு. 1,000 ரூபா பேச்ச அப்புறம் எடுத்துக்கலாம்.