முன்பாரம் பார்த்து ஏற்றுங்கள் தம்பி

தம்பி, பாலக்கோட்டில் இருந்து வந்து ஆஸ்திரேலியாவில் கேட்டன் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த வாரம் முதல் யூட்டில், அதாவது பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டியில், ட்ரெய்லரை மாட்டி ஓட்டச் சொல்கிறார்கள், ஊரில் டிராக்டர் டிப்பர் ஓட்டிய பழக்கம் போதுமா, தனி லைசென்ஸ் வேண்டுமா, வழியில் டயர் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் டூவூம்பாவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் இதை எழுதுவது காவேரிப்பட்டணத்தில் இருந்து. ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். மாங்காய் சீசன். வீட்டுக்கு எதிரிலேயே கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா மாங்காயை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே உங்களுக்குப் பதில் எழுதுவது வசதியாகவே இருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கார் ஓட்டும் சி கிளாஸ் லைசென்ஸ் இருந்தால் யூட்டின் பின்னால் ட்ரெய்லர் இழுக்கலாம், தனி டெஸ்ட் கிடையாது. எனக்குக் கவலையே அதுதான். யாரும் சோதிக்காமல், யாரும் சொல்லித் தராமல், மறுநாளே ஒரு டன் எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போக ஆரம்பித்துவிடுகிறோம். டிராக்டரில் நீங்கள் போனது இருபது, முப்பது வேகம். அந்த வேகத்தில் லோடு முன்னே பின்னே இருந்தாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும். நூறில் பொறுக்காது.

எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றி முடித்ததும் உடனே மாடு பூட்ட மாட்டார். முன்னால் வந்து நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக மேலே வந்துவிட்டால் பின்பாரம். வண்டி பின்னால் சாயும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டு கையால் முக்கியும் வரவில்லை என்றால் முன்பாரம் அதிகம், கழுத்து புண்ணாகிவிடும். ஒரு மூட்டையை முன்னே, ஒரு மூட்டையைப் பின்னே என்று நகர்த்தி, கை சொல்கிற வரைக்கும் விடமாட்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். ட்ரெய்லரிலும் கணக்கு அதேதான் தம்பி. நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு இருக்கிறது, அதை டோ பால் என்கிறார்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் குண்டின் மேல் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. இதை அளக்க வழி இருக்கிறது. சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உடம்பு எடை பார்க்கும் மெஷினை ட்ரெய்லரின் மூக்குக்கு, அதாவது குண்டில் உட்காரும் முன்முனைக்கு, அடியில் வைத்து, நடுவில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி இறக்குங்கள். யூட்டில் மாட்டும்போது மூக்கு நிற்கும் அதே உயரத்தில் அது நிற்க வேண்டும். சின்ன ட்ரெய்லருக்கு இது போதும். பெரியதற்கு இதற்கென்றே விற்கிற அளவுகோல் உண்டு.

பின்பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வந்த இரண்டாம் வருடம், டால்பி பக்கம் ஒரு பம்ப் இன்ஜினைக் கொண்டு போனேன். இறக்குவதற்குச் சுலபம் என்று அதைப் பின்கதவை ஒட்டியே வைத்துக் கட்டினேன். கட்டு நன்றாகத்தான் இருந்தது. வாரிகோ ஹைவேயில் எதிரில் ஒரு ரோடு ட்ரெயின், அதாவது ட்ரெய்லர்களைக் கோத்து இழுக்கும் நீள லாரி, கடந்து போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் லேசாக இடப்பக்கம் போய் வந்தது. அப்புறம் வலப்பக்கம். கண்ணாடியில் பார்க்கிறேன், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக வருகிறது. ஸ்டியரிங் என் கையில் இருந்தாலும் வண்டியின் பின்பக்கத்தை வேறு யாரோ பிடித்து ஆட்டுவது போல இருந்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். அதுதான் தவறு. யூட் வேகம் குறைந்தது, ட்ரெய்லர் குறையாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்தது. ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் போய் நின்றேன். எதிரில் இன்னொரு வண்டி வராதது தெய்வச் செயல். கை நடுக்கம் நின்றதும் இன்ஜினை முன்னால் இழுத்துச் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னே வைத்துக் கட்டி, மீதித் தூரம் போனேன். அதே ரோடு, அதே காற்று, ட்ரெய்லர் அசையவே இல்லை.

அப்படி ஆட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்பது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்வது. ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயலக்கூடாது. ட்ரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் டேஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி ட்ரெய்லரை மட்டும் பிடியுங்கள், பின்னால் இருந்து இழுத்துப் பிடித்த மாதிரி நேராகிவிடும். வேகம் இறங்கியதும் ஓரம் கட்டி லோடை மாற்றாமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

எடைக் கணக்கில் புதிதாக வருகிற எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ட்ரெய்லரின் இழுவைக் கம்பியில் ஒரு தகடு இருக்கும், அதில் ஏ.டி.எம். (ட்ரெய்லரின் மொத்த எடை வரம்பு) 750 கிலோ என்று போட்டிருக்கும். 750 கிலோ ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்த்துத்தான் அது. ட்ரெய்லரே 280 கிலோ என்றால் நீங்கள் ஏற்றலாம் 470. ஒரு கன மீட்டர் மணல் காய்ந்திருந்தாலே ஒன்றரை டன்னுக்கு மேல் வரும், ஈரமென்றால் இன்னும் கூட. தொட்டி பாதிகூட நிறையவில்லையே என்று கண் சொல்லும்போது எடை தாண்டியிருக்கும். பண்ணையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிற்கும், அது நிறைந்தால் ஒரு டன். பாதி நிறைந்திருந்தால் எடை குறைவு, ஆனால் தண்ணீர் உள்ளே அலைந்து வளைவில் வண்டியைத் தள்ளும்.

சக்கரங்களின் மேல் நிற்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குப் பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், அதோடு ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடிக்கிற ஏற்பாடும் கட்டாயம். யூட்டின் விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் யூட்டும் ட்ரெய்லரும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஜி.சி.எம். என்ற இன்னொரு எண் உண்டு. அது 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,500 இழுத்தால் யூட்டுக்கு மிச்சம் 2,500. யூட்டே 2,100 கிலோ இருக்கும். ஆள், டூல்ஸ் எல்லாம் அந்த 400-க்குள் அடங்க வேண்டும். எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். முதலாளி சொன்னாலும் கணக்குப் போட்டுக் காட்டி மறுத்துப் பேசுங்கள். அங்கே அப்படிப் பேசுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பெரும்பாலும் மதிப்பார்கள்.

மாட்டுவதை அவசரமில்லாமல் செய்யுங்கள். மூக்கு குண்டில் உட்கார்ந்து பூட்டு விழுந்த பிறகு, ஜாக்கி வீலை (மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) சுற்றி மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். யூட்டின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டியிருக்கிறது. குண்டை விட்டு மூக்கு மட்டும் எழுந்தால் பூட்டவில்லை. சேஃப்டி செயின் இரண்டு இருந்து, அவற்றைக் குறுக்கே மாற்றி மாட்டினால், மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் செயின் தாங்கும். ஜாக்கி வீலை முழுசாகத் தூக்கிவிட்டீர்களா, பிளக் மாட்டினீர்களா, இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே எதிர் வீட்டில் லோடுமேன் ஒருவர் சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி, கயிற்றைச் சுருக்குப் போட்டு, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து இழுக்கிறார். கயிறு அடுக்கின் மேல் பதிந்து கிண்ணென்று நிற்கிறது. அந்தத் திறமையைக் கைவிட வேண்டாம், ஆனால் அங்கே ராட்செட் ஸ்ட்ராப்தான் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) பழக்கம், அதில் தாங்கும் எடை எழுதியிருக்கும். ஆஸ்திரேலியாவின் விதி என்ன கேட்கிறது என்றால், திடீர் பிரேக்கில் லோடின் எடையில் 80 சதவீத விசை முன்னோக்கி வந்தாலும் கட்டு தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம், மேல்நோக்கி 20 சதவீதம். முன்பக்கம்தான் அதிகம் என்பதால் சரக்கை முன்சுவரில் ஒட்டி அடுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எடை அதிகமானது அடியில், அச்சுக்குச் சற்று முன்னே. லேசானது மேலே, பின்னே. பத்து இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஸ்ட்ராப்பை இன்னொரு முறை இறுக்குங்கள், சரக்கு அமர்ந்து கட்டு தளர்ந்திருக்கும். ட்ரெய்லரில் ஆள் ஏற்றக்கூடாது. திருவிழாவுக்கு டிப்பரில் குடும்பமே போகிற நம்ம ஊர்ப் பழக்கத்தை அங்கே ஒரு நாளும் செய்துவிடாதீர்கள்.

ஓட்டும்போது முன்வண்டியோடு இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். யூட்டும் ட்ரெய்லரும் சேர்ந்து 7.5 மீட்டரைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது நீள வண்டி. ஊருக்கு வெளியே போகிற பக்கம் ஒரே லேன் உள்ள சாலையில் இன்னொரு நீள வண்டியின் பின்னால் குறைந்தது 60 மீட்டர் விட வேண்டும், ரோடு ட்ரெயின் ஓடும் பகுதியில் 200. இறக்கத்துக்கு நீங்கள் அறிந்த பாடமே போதும். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் எத்தனை லாரிகள் முன்வண்டிகள் மேல் ஏறியிருக்கின்றன என்று தருமபுரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டூவூம்பா மலை இறக்கமும் அப்படிப்பட்டதுதான். உச்சியிலேயே லோ கியரில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ரிவர்ஸ்தான் முதல் வாரம் உங்களைப் படுத்தும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை ஒரு கையால் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் இடப்பக்கம் போக வேண்டுமா, அந்தக் கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலம் என்றால் வலம். கொஞ்சம் கொஞ்சமாக. மடங்க ஆரம்பித்தால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இனி டயர். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வெயிலில் நின்று வெடித்துப் போவதுதான் அதிகம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தெரிய ஆழம் நன்றாக இருந்தாலும் சுவரில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் மாற்றச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாளெல்லாம் ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். நிறுத்துகிற இடத்தில் இறங்கி, சக்கர நடுவின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பேரிங் போகிறது என்று அர்த்தம்.

வழியில் பஞ்சர் ஆனால் இடம் முக்கியம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவது, அதனால் வலப்பக்க டயர் என்றால் உங்கள் முதுகு ட்ராஃபிக்குப் பக்கம் இருக்கும். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, மெல்ல உருட்டி அகலமான, கெட்டியான, சமமான இடத்துக்குக் கொண்டு போங்கள். ஹசார்டு லைட், ஹேண்ட் பிரேக். ட்ரெய்லரை யூட்டில் இருந்து கழற்றவே கூடாது, கழற்றினால் உருளவும் கவிழவும் அதற்கு வழி கிடைக்கும். நம்ம லாரிக் கிளீனர் வண்டி நின்றதும் குதித்துப் போய்க் கட்டை போடுவாரே, அதே மாதிரி எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி போடுவதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். மண்ணாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை. யூட்டோடு வரும் ஜாக்கி பல சமயம் ட்ரெய்லர் அச்சுக்கு ஒத்துவராது, இதைப் பண்ணையில் வைத்தே ஒருமுறை தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எக்காரணத்துக்கும் உடம்பு அடியில் போகக்கூடாது. கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும்.

ஸ்டெப்னியை மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் உள்ளே. கையால் முதலில் எல்லாம் ஏற்றுங்கள். இறக்கிய பிறகு, பக்கத்தில் இருப்பதை விட்டு எதிரில் இருப்பதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த வரையில் ஒன்றிரண்டு நட்டாவது கொஞ்சம் திரும்பும்.

கைக்கு அடங்காத இடமென்றால் ரோட்டோரம் போராடாதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று உதவியைக் கூப்பிடுங்கள். வழியில் நின்ற வண்டிக்கு உதவும் குயின்ஸ்லாந்து வாகனச் சங்கமான ஆர்.ஏ.சி.க்யூ. மெம்பர்ஷிப் எடுக்கும்போதே ட்ரெய்லருக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். ஆபத்து என்றால் 000.

அடுத்த சனிக்கிழமை நான் டூவூம்பா திரும்பிவிடுவேன். ஞாயிறு காலையில் காலி ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானம் அன்றைக்குக் காலியாக இருக்கும், ரிவர்ஸ் பழகலாம். அம்மா புளி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கும் சேர்த்து எடுத்து வருகிறேன்.